மாறியதை அறிதல்

சிவகாசியின் பட்டாசு ஆபீஸில் பாதுகாப்பு என்றால் குறைவாக வைத்திருப்பது. மருந்து கலக்கும் அறையில் அன்றைய வேலைக்கு வேண்டியதற்கு மேல் மருந்து இருக்கக் கூடாது. கலந்த மருந்தை மறுநாளைக்கு மீதி வைக்கக் கூடாது. வேலை அறைகளில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே வெறும் நிலம் கிடக்க வேண்டும். 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் இவற்றை அளவு போட்டுச் சொல்கின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு விபத்தில் 40 பேர் வரை இறந்தபோது, இருக்க வேண்டியதைவிட அதிக ஆட்களும் அதிக மருந்தும் இருந்தது பற்றித்தான் பேச்சு எழுந்தது. ஓர் அறையில் பிறந்த பொறி அந்த அறையோடு நின்றுவிட வேண்டும் என்றால் எதையும் குவிக்கக் கூடாது. இந்த வட்டாரம் உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம் இது.

அதே ஊரின் அச்சகங்களில் கணக்கு நேர்மாறு. அங்கே கணிப்பொறிகளைக் கவனித்துக்கொள்பவருக்குப் பாதுகாப்பு என்றால் இன்னொரு பிரதி, அதற்கும் இன்னொரு பிரதி. கோப்பு வெடிக்காது, எத்தனை வைத்தாலும் யாருக்கும் தீங்கில்லை என்று தோன்றும். உயிரையும் கோப்பையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. அப்படி நிறுக்க நான் வரவுமில்லை. ஆனால் ஓர் அச்சகத்தின் பேக்கப் மென்பொருள் இரவு தவறாமல் முழு பேக்கப்பே எடுத்துக்கொண்டிருந்த கோளாறைப் பின்தொடர்ந்து போனபோது, குவிப்பது அங்கும் ஆபத்துதான் என்று விளங்கியது. எதை இழந்துவிடுவோம் என்று பயந்து குவிக்கிறோமோ, அதை இழப்பதற்கான வழியைக் குவியலே திறந்துவிடுகிறது.

இழந்தால் போவது என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1922இல் அய்யநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. பின்னால் பட்டாசுக்கும் வேண்டியிருந்தது. அந்தத் தேவையில் வளர்ந்த லித்தோ அச்சு, கல்லிலிருந்து தகட்டுக்கும் ஆஃப்செட்டுக்கும் நகர்ந்து, இன்று காலண்டராகவும் டைரியாகவும் நோட்டாகவும் அட்டைப்பெட்டியாகவும் நாடெங்கும் போகிறது. கல்லில் வரைந்த காலத்தில் படம் என்பது இரண்டு ஆள் சேர்ந்து தூக்கும் பொருள். பாசிட்டிவ் பிலிம் காலத்தில் அது அலமாரியில் உறையில் கிடந்தது. இப்போது சி.டி.பி. எந்திரம் கணிப்பொறியிலிருந்து நேராகப் பிளேட்டில் ஏற்றிவிடுகிறது. படத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே உடல் கோப்புதான். அது போனால் தேடிப் பார்க்க அலமாரியில் எதுவும் இருக்காது.

ஆடிப் பதினெட்டன்று பூசை போட்டு அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதன்பின் மார்கழி வரை பிரஸ்ஸில் ஓய்வில்லை. முருகனோ லட்சுமியோ அருவியோ, படம் மொத்தமாக நாலு கலரில் ஓடிவிடும். அடியில் விட்ட வெற்றிடத்தில் மளிகைக் கடையின் பெயரோ நகைக் கடையின் பெயரோ ஆர்டர் வந்தபடி பிறகு ஏறும். பெரும்பகுதி மாறாமல் நிற்க, சிறுபகுதி மட்டும் கடைக்குக் கடை மாறுகிறது. கார்த்திகை மாதத்தில் வெளியூர்க் கடைக்காரர் போனில் சொல்வார்: "அண்ணாச்சி, போன வருசம் போட்ட அதே முருகன்தான். கீழே போன் நம்பரை மட்டும் மாத்திருங்க." சாதாரணமாகச் சொல்லப்படும் இந்த ஒரு வரியை நிறைவேற்ற, போன வருசத்துக் கோப்பு அதே நிறத்தோடும் அதே எழுத்தோடும் எங்கோ பத்திரமாக இருந்தாக வேண்டும்.

அந்தக் கோப்புகள் சிறியவை அல்ல. 20 அங்குல அகலமும் 30 அங்குல உயரமும் கொண்ட ஒரு படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நாலு கலருக்கு வைத்தால், அகலத்தில் 6,000 புள்ளி, உயரத்தில் 9,000 புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு பைட். மொத்தம் 21 கோடியே 60 லட்சம் பைட். இது ஒரே அடுக்கு. டிசைனர் பின்னணியைத் தனியாக, உருவத்தைத் தனியாக, ஒளிவட்டத்தைத் தனியாக அடுக்கி வைத்தால் கோப்பு பல மடங்காகும். நடுத்தர அளவுள்ள ஓர் அச்சகத்தில் சில டெராபைட் சேர்வதற்கு அதிக ஆண்டுகள் ஆகாது.

இதை எப்படிக் காப்பது என்பது விருதுநகர் வணிகர்களுக்குப் புதிய கேள்வி அல்ல. மிளகாய், மல்லி, எண்ணெய் வணிகத்தில் புதுக்கணக்கு தொடங்கும்போது சரக்கு முழுவதையும் எண்ணி இருப்பை எழுதுவார்கள். அதன்பின் அன்றாட வரவும் செலவும் மட்டும் சிட்டையில் ஏறும். எந்த நாளின் நிலையை அறிய வேண்டுமானாலும் தொடக்க இருப்போடு அன்றுவரையுள்ள சிட்டையைச் சேர்த்தால் போதும். முழு பேக்கப் என்பது அந்தத் தொடக்க இருப்பு. இன்கிரிமெண்டல் என்பது நாள் சிட்டை; முந்தைய பேக்கப்புக்குப் பிறகு மாறிய கோப்புகளை மட்டும் அது எடுக்கும். மாதத்துக்கு ஒரு முழுது, நாளுக்கு ஒரு இன்கிரிமெண்டல் என்பது பல இடங்களில் பழகிய ஒழுங்கு. இந்த ஒழுங்கு முழுவதும் ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கிறது. தொடக்க இருப்பு எங்கே இருக்கிறது, அதை எழுதியது எப்போது என்பது மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அது தெரியாமல் போகும் இரவில் மென்பொருள் எல்லாவற்றையும் மறுபடி எடுக்கத் தொடங்குகிறது.

தீங்கை நேரக் கணக்கிலேயே பார்க்கலாம். 4 டெராபைட் தகவலை ஒரு கிகாபிட் வலையில் நொடிக்கு 110 மெகாபைட் வேகத்தில் அனுப்பினால் பத்து மணி நேரம் ஆகும். இரவு ஒன்பதுக்குத் தொடங்கினால் காலை ஏழு. ஒருவாறு சமாளித்துவிடலாம். ஆனால் நடுவே ஒரு பழைய சுவிட்ச் இருந்து, அல்லது கேபிளின் நுனி சரியாகக் கிரிம்ப் ஆகாமல், வேகம் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டால் அதே வேலைக்கு நான்கு நாள் பிடிக்கும். காலையில் டிசைனர் கோப்பைத் திறந்தால் திறக்காது. சி.டி.பி.க்குப் போக வேண்டிய ஜாப் வழியில் நிற்கும். எந்திரத்தில் பிளேட் ஏறாமல் மெஷின்மேன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "பேக்கப்பை நிறுத்தித் தொலை" என்று யாராவது சத்தம் போட, அன்றைய பேக்கப் பாதியில் அறுபடும். அடுத்த தவறு இங்கே விதையாகிவிடுகிறது, ஏனெனில் பாதியில் அறுந்த முழு பேக்கப்பைப் பெரும்பாலான மென்பொருள்கள் அடிப்படையாக ஏற்பதில்லை. அன்றிரவு மறுபடி முழுது தொடங்கும்.

கோளாறைத் தேடுபவர் முதலில் பிரித்தறிய வேண்டியவை இரண்டு. மென்பொருள் தானே இன்கிரிமெண்டலை முழுதாக உயர்த்திக்கொள்கிறதா? அல்லது பெயருக்கு இன்கிரிமெண்டலாகவே ஓடி, முழுதின் அளவுக்கு அள்ளிக்கொண்டு வருகிறதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். இரண்டிலும் டிஸ்க் நிறையும், வலை திணறும். காரணங்களோ வேறு வேறு திசையில் கிடக்கின்றன. இதைப் பிரிக்காமல் அமைப்புகளை மாற்றத் தொடங்குபவர் பல நாள் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வருவார். பதில் ஒவ்வொரு காலையும் வரும் அறிக்கையில் எழுதியிருக்கிறது. நிலை என்ற வரியில் முழுது என்று இருக்கிறதா, இன்கிரிமெண்டல் என்று இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

முழுது என்று இருந்தால், தன் அடிப்படையை மென்பொருள் தொலைத்துவிட்டது என்று பொருள். கெர்ன் சிபால்ட் 2000ஆம் ஆண்டு எழுதத் தொடங்கிய பாக்குலா என்ற கட்டற்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். முந்தைய முழு பேக்கப்பின் பதிவு கிடைக்கவில்லை, ஆகவே முழுதாக எடுக்கிறேன் என்று அது லாகில் தெளிவாக எழுதிவைக்கும். ஏன் கிடைக்கவில்லை? பேக்கப் வேலையின் பெயரை யாராவது மாற்றியிருக்கலாம். எந்தெந்த ஃபோல்டர்களைக் காக்க வேண்டும் என்ற பட்டியலில் ஒரு வரி சேர்ந்திருக்கலாம். பட்டியல் மாறினால் பழைய முழுது இந்தப் புதிய பட்டியலுக்கு அடிப்படை ஆகாது என்று பாக்குலா முடிவுசெய்கிறது. 'டைரி' ஃபோல்டருக்குப் பக்கத்தில் 'நோட்டு' ஃபோல்டரையும் சேர்த்தவர் அன்றிரவு எல்லாமே மறுபடி ஓடும் என்று நினைத்திருக்கமாட்டார். வேறு சில இடங்களில் பிரதியை வைத்திருக்கும் கால அளவு சுழற்சியைவிடக் குறைவாக இருக்கும். முழுதை மாதம் ஒருமுறை எடுத்துவிட்டு, எந்தப் பிரதியையும் பதினைந்து நாளுக்கு மேல் வைக்காதே என்று சொன்னால், மாதத்தின் நடுவில் அடிப்படையே அழிந்துவிடும்.

முழுது முடியுமுன் அடுத்த இரவு வந்துவிடுவது இன்னொரு வகை. முந்தைய ஓட்டம் இன்னும் முடியவில்லை என்றால், நம்பத்தக்க முழுது எதுவும் இன்னும் பதிவாகவில்லை. அடுத்து வரிசையில் நிற்பதும் முழுதாகவே உயர்கிறது. அதன் பின்னால் நிற்பதும் அப்படியே. ஒன்று மெதுவானதால் மூன்று உருவாகின்றன, மூன்று உருவானதால் எல்லாமே இன்னும் மெதுவாகின்றன. ஒரே வேலை இரண்டு முறை வரிசையில் நிற்பதைத் தடுக்கும் அமைப்பு பாக்குலாவில் உண்டு. ஆனால் அதை இயக்கியதோடு எழுந்து போய்விடக் கூடாது. முதல் ஓட்டம் ஏன் விடியும்வரை முடியவில்லை என்று கேபிள்வரை போய்ப் பார்க்க வேண்டும்.

நிலை வரியில் இன்கிரிமெண்டல் என்றே இருந்து அளவு மட்டும் பெருத்திருந்தால், கோப்புகள் மாறிவிட்டன என்று மென்பொருள் நம்புகிறது. உண்மையில் மாறியவை கோப்புகளைச் சுற்றியுள்ள அடையாளங்களாக இருக்கும். தினமும் இரவு எட்டு மணிக்கு எல்லாக் கோப்புகளின் அனுமதிகளையும் சரிசெய்யும் ஸ்கிரிப்ட் ஒன்றை யாரோ எப்போதோ எழுதியிருப்பார்கள். படத்தில் ஒரு புள்ளியும் மாறாது, ஆனால் லினக்ஸில் கோப்பின் நிலைமாற்ற நேரம் மாறிவிடும். அதைப் பார்க்கும் பேக்கப் மென்பொருளுக்கு எல்லாம் புதியவையாகத் தெரியும். விண்டோஸில் டாஸ் காலத்திலிருந்து வரும் ஆர்க்கைவ் அடையாளம் என்று ஒன்று உண்டு. கோப்பு மாறும்போது அது எழும், பேக்கப் எடுத்ததும் விழும். ஒரே கணிப்பொறியில் இரண்டு பேக்கப் மென்பொருள்கள் அதே அடையாளத்தை நம்பி ஓடினால், ஒன்று விழவைத்ததை நம்பி மற்றது ஏமாந்து, நேர்மாறாக, மாறிய கோப்பையும் விட்டுவிடும். வலை வழியாக இணைத்த டிஸ்க்கின் சாதன எண் மறுமுறை இணைக்கும்போது மாறிவிட்டால், க்னூ டார் என்ற கருவி தன் பழைய குறிப்போடு அதைப் பொருத்த முடியாமல் எல்லாவற்றையும் புதிதென்று கொள்ளும். 'காலண்டர் நடப்பு' என்ற ஃபோல்டரைப் புத்தாண்டன்று 'காலண்டர் பழையது' என்று பெயர் மாற்றினால், கோப்பை அதன் பாதையால் அடையாளம் காணும் மென்பொருள்களுக்கும் உள்ளே இருப்பவை எல்லாம் புதியவையாகத் தெரியும்.

கடிகாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். டிசைனரின் கணிப்பொறியில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அதில் சேமித்த கோப்பு பழைய தேதியோடு பிறக்கும். தேதியை மட்டும் பார்க்கும் பேக்கப் அதைத் தொடாமலே விட்டுவிடும். யாராவது தேதியைத் தவறாக முன்னால் வைத்துவிட்டால், அந்தக் கோப்பு வரப்போகும் நாளின் தேதியோடு நிற்கும். அந்த நாள் வரும்வரை ஒவ்வொரு இரவும் புதிதென்று எடுக்கப்படும். ஒரே பழுது ஒரு பக்கம் மிகையையும் இன்னொரு பக்கம் வெறுமையையும் உண்டாக்குகிறது. மிகை கண்ணில் படும், புகார் வரும். வெறுமை யார் கண்ணிலும் படாது. மிகையைச் சரிசெய்ய வந்தவர் வெறுமையையும் தேடிப் பார்க்காமல் போனால் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

உண்மையிலேயே எல்லாம் மாறும் காலமும் உண்டு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2019இல் நீரி என்ற அரசு ஆய்வு நிறுவனத்தின் பசுமைப் பட்டாசுகள் வந்தபோது, பெட்டியின் மேல் பச்சை முத்திரையும் கியூஆர் குறியும் வந்தன. புஸ்வாணத்துக்கும் சங்குச் சக்கரத்துக்குமான பழைய லேபிள் கோப்புகளைத் திறந்து ஒரு மூலையில் முத்திரையை வைத்துச் சேமித்தால், அத்தனையும் மாறிய கோப்புகளே. மாற்றம் கட்டைவிரல் அகலம்தான் என்றாலும், கோப்பு கோப்பாகப் பார்க்கும் பேக்கப் ஒவ்வொன்றையும் முழுதாகத்தான் எடுக்கும். இதில் கோளாறு எதுவும் இல்லை. கோப்புக்குள் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் வழியை ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மக்கராஸும் 1996இல் ஆர்சிங்க் என்ற கருவி மூலம் கொடுத்தார்கள். அதுவும் அழுத்திச் சேமித்த கோப்புகளில் அவ்வளவாக உதவாது. சில மென்பொருள்கள் முழுதை முன்கூட்டியே எடுப்பதும் திட்டத்தின் பகுதிதான். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்த அமாண்டா என்ற பேக்கப் மென்பொருள், எல்லா இரவுகளுக்கும் சுமை சமமாகப் பரவ வேண்டும் என்று சில முழு பேக்கப்புகளை முறைக்கு முன்பே எடுக்கும். கோளாறு என்று தீர்ப்பு எழுதும் முன், அது அப்படித்தான் நடக்க வேண்டியதா என்று கேட்பது நியாயம்.

இவ்வளவு காரணங்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். தேவையில்லாமல் ஓடும் முழு பேக்கப், மென்பொருள் நேர்மையாகக் கொடுக்கும் சாட்சி. தன்னிடம் நம்பத்தக்க அடிப்படை இல்லை என்பதை அது மறைக்கவில்லை. அடிப்படை இல்லாமலே இன்கிரிமெண்டல்களை மட்டும் எடுத்து, ஒவ்வொரு காலையும் எல்லாம் நலம் என்று அறிக்கை அனுப்பும் மென்பொருளே அஞ்ச வேண்டியது. தொடக்க இருப்பு கிழிந்துபோன கணக்கில் சிட்டை எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. ஆகவே சாட்சியின் வாயை அடைக்கும் தீர்வுகளில் எனக்கு உடன்பாடில்லை. பட்டியல் மாறினாலும் பொருட்படுத்தாதே என்று பாக்குலாவுக்குச் சொல்ல ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டால் அன்றிரவே அமைதி வந்துவிடும். ஆனால் புதிதாகச் சேர்த்த 'நோட்டு' ஃபோல்டரில் உள்ள பழைய கோப்புகள், அவற்றின் தேதி பழையது என்பதால், அடுத்த முழுதுவரை எந்தப் பிரதியிலும் இல்லாமல் போகக்கூடும். பட்டியலை மாற்றிய அன்றே நாமாக ஒரு முழுது எடுத்துவிட்டு, பிறகு பழைய ஒழுங்குக்குத் திரும்புவதே சரியான வழி.

குவியல் செய்யும் பெரிய தீங்கு இனிமேல்தான். டிஸ்க் நிறைந்ததும் மென்பொருள் இடம் தேடும். விதிப்படி மிகப் பழையதிலிருந்து அழிக்கும். முழு பேக்கப்புகள் அளவுக்கு மேல் சேர்ந்தால், ஆறு மாதத்துக்குப் பின்னோக்கிப் போகக்கூடிய வழி இரண்டு வாரமாகச் சுருங்கிவிடும். ஒரு கோப்பு சித்திரையிலேயே பழுதாகி, ஆடியில்தான் யாராவது அதைத் திறந்தார்கள் என்றால், அதற்குள் எல்லாப் பிரதிகளும் பழுதின் பிரதிகளாகியிருக்கும். நேற்றையதும் முந்தாநாளையதும் அச்சு அசலாக ஒன்றே. எண்ணிக்கை இருக்கிறது, காலம் இல்லை. காப்பு வேலையில் நாம் உண்மையில் சேர்த்துவைக்க வேண்டியது காலத்தைத்தான்.

இந்த இழப்பு தமிழுக்கு முன்பே நேர்ந்திருக்கிறது, இந்த வட்டாரத்துக்கு மிக அருகிலேயே. ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் போகும் வழியில் இருப்பது கரிவலம்வந்தநல்லூர். வரதுங்கராம பாண்டியருடைய ஏடுகள் அந்தக் கோயிலில் இருப்பதாக அறிந்து உ.வே. சாமிநாதையர் அங்கே போனார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாது என்ற முறைப்படி அவற்றை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டதாக அவருக்குச் சொன்னார்கள். அந்த முறையின் முழு வடிவத்தையும் அவர் 'என் சரித்திரம்' நூலில் விளக்குகிறார். ஏடு பழுதுபட்டால் முதலில் புதுப்பிரதி செய்ய வேண்டும், பிறகுதான் பழையதை நெருப்பில் இட வேண்டும். புதியது இருப்பதால் பழையது போவதில் நட்டமில்லை. பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை மறந்துவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் பக்தியோடு செய்துவந்தார்கள்.

பழைய பிரதியை அழிக்கும் விதிகள் இன்றும் இப்படித்தான் எழுதப்படுகின்றன. நாள் கணக்கு மட்டும் இருக்கிறது. புதுப்பிரதி நிறைவாக முடிந்ததா, அதைத் திறந்து பார்த்தார்களா என்ற முதல் பாதி இல்லை. ஏட்டுக்கு விதித்த ஒழுங்கு டிஸ்க்குக்கும் பொருந்தும். அடுத்த முழுது குறையின்றி முடிந்து, சரிபார்க்கப்படும்வரை முந்தைய முழுதைத் தொடக் கூடாது.

திறந்து பார்ப்பது என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்பு முறைகள் பல வைத்திருந்தும், தேவைப்பட்ட நேரத்தில் அவை கைகொடுக்கவில்லை. வேறொரு காரணத்துக்காகச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்துவைத்த ஒரு பிரதியிலிருந்தே மீண்டார்கள். தங்கள் பிழையை அவர்கள் ஒளிக்காமல் உலகத்துக்குச் சொன்னதால் இன்று நாம் அதைப் படிக்கிறோம். முறைகளின் எண்ணிக்கை அவர்களைக் காக்கவில்லை. மீட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் காத்திருக்கும்.

தமிழ் அச்சகத்துக்கு இதில் தனியான ஒரு சிக்கலும் உண்டு. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16ஐயும் தமிழ் எழுத்துக் குறியாக்கத் தரமாக ஏற்றது. ஆனாலும் அச்சகங்களின் பழைய கோரல்டிரா கோப்புகளில் பலவும் அதற்கு முந்தைய தனித்தனி எழுத்துருக்களில் அமைந்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் கோப்பைத் திறந்தால் கடைப்பெயர் இருக்கும் இடத்தில் புரியாத குறிகள் வரிசையாக நிற்கும். எழுத்துருவோ டிசைனரின் கணிப்பொறியில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் கிடக்கிறது. அது பேக்கப் பட்டியலில் இல்லை. இரவுதோறும் முழு பேக்கப் ஓடினாலும், பட்டியலில் இல்லாத எழுத்துரு ஒருநாளும் பிரதிக்குள் வராது. முழுது என்ற பெயர் தரும் நிம்மதி இங்கே பொய்த்துப்போகிறது. பட்டியலில் இருப்பவற்றில்தான் அது முழுது. பட்டியலை எழுதியவருக்குத் தோன்றாதது எதுவோ அது வெளியே நிற்கிறது, அதை மனிதர் மட்டுமே கண்டுபிடிக்க முடியும்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய மூன்று, இரண்டு, ஒன்று என்ற விதி இந்த ஊருக்கு நன்றாகப் பொருந்தும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். சிவகாசி அச்சகத்தின் மூன்றாம் பிரதி விருதுநகரில் உறவினர் கடையின் பீரோவில் இருக்கலாம். நல்ல தூரம்தான். காகிதமும் மையும் நிறைந்த கட்டடத்தில் தீப்பிடித்தால் அதே கட்டடத்தில் இருக்கும் முப்பது முழு பேக்கப்புகளும் ஒன்றாகப் போகும். பீரோவில் இருக்கும் ஒன்று நிற்கும். பிரிந்திருப்பதில்தான் பாதுகாப்பு என்பதை மருந்து அறைகளைக் கட்டியவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த அறிவு சாலையைக் கடந்து அச்சகத்தின் சர்வர் அறைக்கும் வர வேண்டும்.

பொறுப்பும் அவ்வாறே கடந்து வர வேண்டும். பட்டாசு வேலைக்குப் பயிற்சியும் பதில் சொல்லும் பொறுப்பும் கொண்ட போர்மேன் ஒருவர் வேண்டும் என்பதில் விவாதமில்லை. அச்சகத்தில் பேக்கப் யாருடைய வேலை என்று கேட்டால் பெரும்பாலும் கணிப்பொறி பழுதுபார்க்க எப்போதாவது வந்துபோகும் பையனைக் காட்டுவார்கள். அவர் எல்லாவற்றையும் முழுதாக எடு என்று வைத்துவிட்டுப் போவதில் வியப்பில்லை. எது மாறுகிறது, எது மாறாது என்று தெரியாதவருக்கு அதுவே பழியில்லாத வழி. எந்த ஃபோல்டர் ஆடியில் சூடு பிடிக்கும், எது பத்தாண்டாக யாரும் தொடாத லேபிள், எந்த எழுத்துரு எந்த டிசைனரிடம் மட்டும் இருக்கிறது என்பது உள்ளே இருப்பவருக்கே தெரியும். மிகையான முழு பேக்கப்புகளின் கடைசிக் காரணம் இந்த அறிவின் இல்லாமைதான் என்று நான் நினைக்கிறேன். தெரியாமையை டிஸ்க்கால் ஈடுகட்டப் பார்க்கிறோம். டிஸ்க் எத்தனை வாங்கினாலும் அது நிரம்பாத பள்ளம்.

ஆகவே நான் வேண்டுவது ஒன்றே. மாதம் ஒரு நாள், உள்ளே வேலை செய்யும் ஒருவருக்கு அதற்கென்றே ஒரு மணி நேரம் கொடுங்கள். பழைய ஆர்டர் ஒன்றைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்து, பேக்கப்பிலிருந்து எடுத்து, அந்தக் கோப்பை இதுவரை பார்த்திராத கணிப்பொறியில் திறக்கச் சொல்லுங்கள். நிறம் சரியா, எழுத்து சரியா, கடைப்பெயர் படிக்க வருகிறதா என்று பார்த்து நோட்டில் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். வரவில்லை என்றால் அதையும் எழுதட்டும். அன்றே காரணத்தைத் தேடட்டும். அப்படிச் சில மாதங்கள் தொடர்ந்து திறந்து பார்த்தவர், ஒவ்வொரு இரவும் முழுதாக எடுக்கச் சொல்லமாட்டார். அவருக்குத் தன் அடிப்படை எது என்று தெரியும். மாறியதை மட்டும் எடு என்று அவர் சொல்லும்போது அந்தச் சொல்லை நம்பலாம்.